பயோடீசலைக் கழுவினால் தயிர் போல ஆகிவிடுகிறது, எங்கே தப்பு?

மெஸ்எண்ணெய் (ஈரோடு பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் லேப் உதவியாளராக 17 வருடமாக வேலை பார்க்கிறேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் பொரித்துக் கழிக்கும் எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கி, அதை 20 சதவீதம் டீசலில் கலந்து லேப் ஜெனரேட்டரை ஓட்டுகிறோம். மாணவர்கள் புராஜெக்டாகத் தொடங்கியது. அவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், டிரம்மும் மோட்டாரும் என் பொறுப்பில் நிற்கின்றன. மெத்தனாலுக்கு உரிமம் கல்லூரி பெயரில் இருக்கிறது, ரெஜிஸ்டரில் எழுதித்தான் எடுக்கிறோம்.

முதல் மூன்று தடவை நன்றாக வந்தது. 40 லிட்டர் எண்ணெய், 8 லிட்டர் மெத்தனால், லிட்டருக்கு 7 கிராம் கணக்கில் 280 கிராம் காஸ்டிக் சோடா. 55 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் கலக்கி, ராத்திரி முழுக்க விட்டால் அடியில் கருப்பாகக் கிளிசரின் இறங்கிவிடும். ஏறக்குறைய 7 லிட்டர். மேலே தேன் நிறத்தில் பயோடீசல். போர் தண்ணீர் ஊற்றி மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைப்பேன்.

நாலாவது தடவை கேன்டீனிலிருந்து எண்ணெய் வந்தது. பஜ்ஜி, வடை போட்ட எண்ணெய், மெஸ் எண்ணெயைவிடக் கருப்பு. கிளிசரின் 4 லிட்டர்தான் இறங்கியது. அதைப் பார்த்தும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 20 லிட்டர் தண்ணீரை ஊற்றி, பெயின்ட் கலக்கும் கம்பியை டிரில்லில் மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டினேன். நிறுத்திப் பார்த்தால் டிரம் முழுக்க வெள்ளை. மோர் என்றுகூடச் சொல்ல முடியாது, கெட்டித் தயிர். கரண்டி விட்டால் நிற்கிறது. இரண்டு நாள் ஆகிவிட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிரியவில்லை.

இன்னும் தண்ணீர் ஊற்றலாமா? டிரில்லை ஓட்டியதுதான் தப்பா? 40 லிட்டரும் போய்விட்டதா, மீட்க வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கீழே கொட்டிவிட மனசு வரவில்லை.

---

உப்பளம்

தண்ணீர் இனி வேண்டாம். வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்து மேலே தூவி, டிரம்மைச் சூடாக வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் பிரிந்தது. காஸ்டிக்கால் உண்டான சோப்புதான் அதைத் தயிராகப் பிடித்து வைத்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு கரைந்திருக்காது, ஒதுங்கிவிடும். சோப்பு ஆலையிலும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

---

பிரிபுனல் (கரூர்)

தம்பி, கொட்டிவிடாதீர்கள். பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். கழிவு எண்ணெயில் பயோடீசல் எடுக்கும் ஒரு சின்ன ஆலையில் ஒன்பது வருடம் கழுவுகிற பகுதியைத்தான் பார்த்துக்கொண்டேன். இந்தத் தயிரை நான் பார்த்ததற்குக் கணக்கே இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிரில் தப்புதான். ஆனால் டிரில் மட்டும் இதைச் செய்யாது. நல்லபடியாக முடிந்த பயோடீசலைத் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு எவ்வளவு வேகமாகக் குலுக்கினாலும் அரை மணி நேரத்தில் பிரிந்துவிடும். உங்களுடையது பிரியவில்லை என்றால் வேதிவினை முடியவில்லை. நீங்கள் கழுவும் இடத்தில் தப்பைத் தேடுகிறீர்கள். தப்பு அதற்கு முந்தின நாளே நடந்துவிட்டது.

கிளிசரின் 7 லிட்டருக்குப் பதில் 4 லிட்டர் இறங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதில் அதிலேயே இருக்கிறது. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரினில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்குவது. மெத்தனால் வந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மூன்றும் கழன்றால்தான் கிளிசரின் அடியில் இறங்கும். ஒன்றோ இரண்டோ கழன்று பாதியில் நின்றால் மோனோகிளிசரைடு, டைகிளிசரைடு என்று மேலேயே தங்கிவிடும். கடையில் ஐஸ்கிரீம் வாங்கினால் அட்டையில் பாருங்கள், எமல்சிஃபையர் 471 என்று போட்டிருக்கும். அது இதே பொருள்தான். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். உங்கள் டிரம்மில் அது தானாகவே உருவாகி, கூடவே சோப்பும் சேர்ந்து, மேலே டிரில்லும் ஓடினால் தயிர் போலப் பால்மம் ஆகாமல் என்ன செய்யும்?

கேன்டீன் எண்ணெய்க்குத் தனியாக டைட்ரேஷன் (எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை) செய்தீர்களா? செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். 7 கிராம் என்பது மெஸ் எண்ணெயின் கணக்கு. அடிப்படை 5 கிராம், எண்ணெயில் உள்ள தனி அமிலத்துக்கு 2 கிராம். பஜ்ஜி போட்டுப் போட்டுக் கறுத்த எண்ணெயில் அமிலம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேலேகூட இருக்கும். நீங்கள் போட்ட காஸ்டிக்கில் பெரும்பங்கை அந்த அமிலம் பிடித்துச் சோப்பாக்கிவிட்டது. வினையை நடத்த மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். சோப்பும் அதிகம், வினையும் அரைகுறை. இரண்டு பக்கமும் அடி.

டைட்ரேஷனுக்குப் பெரிய சாமான் வேண்டாம். 10 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் 1 மி.லி. எண்ணெய். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த கரைசலை நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எத்தனை மி.லி. ஆகிறதோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் கூடுதலாகப் போட வேண்டும். நிறம் காட்டுவதற்குப் போடும் பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பு, கருப்பு எண்ணெயில் சரியாகத் தெரியாது. அதனால் நான் மஞ்சள்தூளைத்தான் வைத்துக்கொள்வேன். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே மாற்றம். எண்ணெய் எவ்வளவு கறுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து ஈரம். கேன்டீன் டிரம் மழையில் திறந்து கிடந்ததா? அடியில் தண்ணீர் இருந்ததா? காஸ்டிக் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருந்தால் நல்ல எண்ணெயும் சோப்பாகும். முதலில் ஒரு நாள் வைத்து அடித் தண்ணீரை இறக்குங்கள். அப்புறம் 110 டிகிரி வரை சூடாக்கி, சடசடப்பு முழுக்க அடங்கிய பிறகு 55-க்கு ஆறவிட்டுத்தான் மெத்தனால் பக்கமே போக வேண்டும்.

இப்போது டிரம்மில் இருப்பதற்கு வருகிறேன். நேரடித் தீ கூடவே கூடாது. உள்ளே மெத்தனால் மிச்சம் இருக்கிறது, அதன் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. பெரிய டிரம்மில் வெந்நீர் வைத்து, இந்த டிரம்மை அதற்குள் இறக்கி 55, 60 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். பழைய பேட்ச் கிளிசரின் இருந்தால் ஒரு 3 லிட்டர் ஊற்றி, மரத் துடுப்பால் மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள். அது சோப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். உப்பளம் சொன்ன உப்புத் தண்ணீரும் சரிதான். ஆனால் உப்பு மீட்பதற்கு மட்டும். கடைசிக் கழுவலில் உப்பு இருந்தால் சோடியமும் குளோரைடும் எரிபொருளில் தங்கி இன்ஜினுக்குப் போகும்.

வினிகர் ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள். உடனே பிரியும், உண்மை. ஆனால் அமிலம் சோப்பை உடைத்தால் அது மறுபடி கொழுப்பு அமிலமாகி பயோடீசலிலேயே கரைந்துவிடும். தண்ணீரால் அதைக் கழுவ முடியாது. பயோடீசலின் அமில மதிப்பு 0.50-ஐத் தாண்டக் கூடாது என்று தரநிர்ணயம் இருக்கிறது. சோப்பை எடுக்கிறோம் என்று அமிலத்தைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

பிரிந்து வரும் மேல் அடுக்கை அப்படியே மறுபடி கழுவாதீர்கள். அது இன்னும் அரைவேக்காடு. நன்றாகக் காயவைத்து, 3/27 பரிசோதனை செய்யுங்கள். 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. விட்டுக் குலுக்க வேண்டும். முழுக்கக் கரைந்து தெளிவாக இருந்தால் வினை முடிந்தது. அடியில் எண்ணெய்த் துளி நின்றால் மறுபடி வினைக்கு விட வேண்டும். நம் ஊர் வெயிலில் மெத்தனால் 35 டிகிரியில் இருந்தால் கரையக் கூடாததும் கரைந்து ஏமாற்றும். குளிர்ந்த தண்ணீர் வாளியில் பாட்டிலை வைத்து 20, 22 டிகிரிக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

செய்துவிட்டு எழுதுங்கள். போர் தண்ணீர் என்றீர்களே, அதன் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு?

---

மெஸ்எண்ணெய்

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

கேன்டீன் எண்ணெய் மிச்சம் 60 லிட்டர் இருந்தது, அதை மஞ்சள்தூள் போட்டு டைட்ரேஷன் பார்த்தேன். மூன்று முறை பார்த்தும் 4.8. அப்படியானால் லிட்டருக்கு 9.8 கிராம் போட்டிருக்க வேண்டும், நான் போட்டது 7. அதில் அமிலத்துக்கே 4.8 போய்விட்டது. வினைக்கு இருந்தது 2.2 கிராம். நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் முழுக்கப் புரிந்தது. டிரம்மின் அடியில் இரண்டு லிட்டர் தண்ணீரும் இருந்தது.

தயிரை வெந்நீர் டிரம்மில் வைத்து, பழைய கிளிசரின் 3 லிட்டர் சேர்த்தேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால் மூன்று அடுக்கு. அடியில் பழுப்பு, நடுவில் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை, மேலே கலங்கலான மஞ்சள். வெள்ளை அடுக்குக்கு மட்டும் உப்புத் தண்ணீர் தெளித்தேன், சாயங்காலம் அதுவும் பாதியாகக் குறைந்துவிட்டது. மொத்தம் 31 லிட்டர் மேல் அடுக்கு கிடைத்தது.

3/27 பார்த்தேன், அரை மி.லி.க்கு மேல் எண்ணெய் அடியில் நின்றது. மொத்தத்தையும் தொடாமல் முதலில் 1 லிட்டரை மட்டும் நன்றாகக் காயவைத்து, 100 மி.லி. மெத்தனாலும் 5 கிராம் காஸ்டிக் பொட்டாஷும் போட்டு வினைக்கு விட்டேன். வேதியியல் துறையில் பொட்டாஷ் இருந்தது, அதை வாங்கினேன். ராத்திரி விட்டுப் பார்த்தால் 3/27 கண்ணாடி மாதிரி தெளிவு. குலுக்கிய பாட்டில் பத்து நிமிடத்தில் பிரிந்துவிட்டது! ஆனால் நடுவில் காகிதம் போல மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று, எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை.

போர் தண்ணீர் டி.டி.எஸ். 1,450. இந்தப் படலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா?

---

ஜெனரேட்டர்_ஒர்க்‌ஷாப் (திருப்பூர்)

இன்ஜின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சோப்பு போகாத பயோடீசல் ஓட்டிய ஜெனரேட்டர் ஒன்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஃபில்டர் காகிதம் முழுக்க வழுவழு என்று பிசுபிசுப்பு, கையில் தேய்த்துத் தண்ணீர் விட்டால் நுரைக்கிறது. இன்ஜெக்டர் முனையில் சாம்பல் கட்டியிருந்தது. சோப்பில் இருக்கும் சோடியம் எரிந்து காணாமல் போகாது, சாம்பலாகத்தான் படியும். அவசரப்பட்டுக் கழுவாமல் ஊற்றாதீர்கள். பழைய ஜெனரேட்டர் என்றால் ரப்பர் ஓசையும் மாதம் ஒருமுறை பாருங்கள். பயோடீசலில் சாதா ரப்பர் உப்பிப் போகும்.

---

பிரிபுனல்

31 லிட்டர் மீண்டது சந்தோஷம் தம்பி. 1 லிட்டரில் முதலில் செய்து பார்த்தீர்களே, அது ரொம்பச் சரி.

1,450 டி.டி.எஸ். என்றால் அந்தப் படலத்துக்கு அதுதான் காரணம். உங்கள் ஊரில் அந்தத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் பக்கெட்டில் வெள்ளையாகத் திப்பி மிதக்கும் அல்லவா? தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கால்சியம் சோப்பு ஆகிவிடுகிறது. சோடியம் சோப்பும் பொட்டாசியம் சோப்பும் தண்ணீரில் கரைந்து வெளியே போய்விடும். கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் படலமாக நிற்கும், கொஞ்சம் பயோடீசலிலும் தங்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லையென்றால் ஹாஸ்டல் ஆர்.ஓ.வில் குடிக்க வரும் தண்ணீர். ஆர்.ஓ. கழித்து வெளியே தள்ளும் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், அது போர் தண்ணீரைவிட மோசம்.

காஸ்டிக் பொட்டாஷுக்கு மாறியது நல்ல முடிவு, அதிலேயே இருங்கள். பொட்டாசியம் சோப்பு இளக்கமானது, தண்ணீரில் சீக்கிரம் போகும். கிளிசரினும் கட்டியாக உறையாமல் குழாயில் இறங்கும். எடை மட்டும் சோடாவைப்போல் 1.4 மடங்கு. கடையில் வரும் பொட்டாஷ் பெரும்பாலும் 90 சதவீதத் தூய்மைதான், அதையும் கணக்கில் எடுங்கள். 4.8 எண்ணெயைத் தனியாகச் செய்யாமல் மெஸ் எண்ணெயோடு பாதிக்குப் பாதி கலந்தால் 3.4 வரும். அடிப்படை 5 சேர்த்து 8.4. அதை 1.4-ஆல் பெருக்கி 0.9-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 13 கிராம். 40 லிட்டருக்கு 520 கிராம். மெத்தனாலை 22 சதவீதமாக்குங்கள்.

கழுவும் முறை: கிளிசரின் இறக்கிய பிறகு இன்னும் ஒரு நாள் சும்மா விடுங்கள். அந்த ஒரு நாளில் சோப்பு கணிசமாகத் தானே அடியில் உட்காரும், அதைத் தண்ணீர் இல்லாமலே இறக்கிவிடலாம். முதல் கழுவலில் கையே வைக்கக் கூடாது. செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் 45, 50 டிகிரி தண்ணீரை மேலே பனி மாதிரி தூவுங்கள். துளிகள் தானாக இறங்கிப் போகிற வழியில் சோப்பை எடுத்துக்கொள்ளும். பால் போல அடியில் சேருவதை இறக்கிவிட்டு இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவதில் துடுப்பால் மெதுவாகக் கலக்கலாம். மீன் தொட்டி மோட்டாரில் காற்றுக் குமிழி விடுபவர்களும் உண்டு. ஆனால் மணிக்கணக்கில் காற்று ஊதினால் பயோடீசல் ஆக்சிஜனேற்றம் ஆகிக் கெடும், எனக்கு அதில் மனசில்லை.

எப்போது நிறுத்துவது என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சோப்பை அளந்துவிடலாம், வேதியியல் துறையில் ப்யூரெட் (சொட்டு விட்டு அளக்கும் குழாய்) இருக்குமே. 100 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் 10 கிராம் பயோடீசல், சில சொட்டு புரோமோபினால் புளூ. 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் மஞ்சளாகும். பொட்டாஷ் சோப்பு என்றால் ஒவ்வொரு மி.லி.க்கும் 320 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 320 பங்கு), சோடா சோப்பு என்றால் 304. கழுவி முடித்ததை அளக்கும்போது 100 கிராம் எடுங்கள், அப்போது 1 மி.லி. என்பது 32 பி.பி.எம். எரிபொருளில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 5 பி.பி.எம். தாண்டக் கூடாது என்பது தரம். சோப்புக் கணக்கில் அது சோடாவுக்கு 66, பொட்டாஷுக்கு 41. அதற்குக் கீழே வந்தால் நிறுத்திவிட்டுக் காயவைக்கலாம்.

இன்னொன்று. கழுவிய தண்ணீரில் மெத்தனால் இருக்கிறது. அதைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாமல், கல்லூரியில் கழிவுநீர் சுத்திகரிப்பு இருந்தால் அங்கே கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். மெத்தனால் கேனைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்திருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் நடமாடும் இடம், லேபிள் கிழிந்த கேன் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

---

மெஸ்எண்ணெய்

அண்ணா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மழைக்காகக் காத்திருந்தேன்.

லேப் கூரைத் தண்ணீரை முதல் பத்து நிமிடம் விட்டுவிட்டு 200 லிட்டர் பிடித்து வைத்தேன், டி.டி.எஸ். 30. மீட்ட எண்ணெயில் மீதி 30 லிட்டரையும் காயவைத்து, 3 லிட்டர் மெத்தனால், 150 கிராம் பொட்டாஷ் போட்டு வினையை முடித்தேன். ஒரு நாள் சும்மா விட்டதில் அடியில் அரை லிட்டருக்குமேல் பிசுக்கு தானாகவே இறங்கியது. அப்புறம் ஸ்பிரேயர். முதல் கழுவலுக்கு முன்னால் அளந்தபோது 10 கிராமுக்கு 6.5 மி.லி. ஆனது, 2,080 பி.பி.எம். மூன்றாவது கழுவலுக்குப் பிறகு 100 கிராமுக்கு 2 மி.லி., அதாவது 64. இன்னும் ஒரு முறை கழுவினேன், 1.1 மி.லி., 35 பி.பி.எம். நடுவில் படலம் இல்லை.

இரண்டு நாள் வெயிலில் வாய் அகன்ற டிரம்மில் வைத்தேன். இப்போது பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் சின்ன எழுத்தும் படிக்க முடிகிறது.

பாதிக்குப் பாதி கலந்த புது பேட்ச் நேற்று போட்டேன், 520 கிராம் கணக்கு. கிளிசரின் 8 லிட்டர் இறங்கியிருக்கிறது. கேன்டீனில் சொல்லி எண்ணெய் டிரம்முக்கு மூடி போட வைத்துவிட்டேன். ஒவ்வொரு டிரம்மிலும் டைட்ரேஷன் எண்ணைச் சாக்பீஸால் எழுதுகிறேன். கழுவிய தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் தினம் 10 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அந்தக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

---

பிரிபுனல்

35 நல்ல எண். ஜெனரேட்டரில் ஊற்றியதும் முதல் ஃபில்டரை 50 மணி நேரத்தில் கழற்றிப் பாருங்கள். பழைய டீசல் கசடை பயோடீசல் கரைத்துக்கொண்டு வரும், அதைப் பார்த்துச் சோப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பாக இருந்தால் கசடு, வெளுத்து வழுக்கினால் சோப்பு.